சி டிரைவ் எங்கே போச்சு? உபுண்டுவில் ஃபைல் தேடும் கதை

28 அக்டோபர் 2025, காலை

உபுண்டு 24.04 (விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம், லினக்ஸ் வகை) போட்டு எட்டு நாள். சி இல்லை, டி இல்லை, மை கம்ப்யூட்டர் இல்லை. "ஹோம்" என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் ஏழெட்டு ஃபோல்டர். கோயிலிலிருந்து மெயிலில் வந்த உபயதாரர் பட்டியலை 22ஆம் தேதி டவுன்லோட் செய்தேன், திறந்தும் பார்த்தேன். இன்று டவுன்லோட்ஸ் ஃபோல்டர் காலி. நவம்பர் 5 ஐப்பசிப் பௌர்ணமி. அன்னாபிஷேக நோட்டீஸ் 3ஆம் தேதி அச்சுக்குப் போயாக வேண்டும். போன வருஷத்து நோட்டீஸை வைத்துத் தேதியை மட்டும் மாற்றலாம் என்றால் அதுவும் டி டிரைவோடு போய்விட்டது. இதில் ஃபைலை எப்படித்தான் தேடுவது?

28 அக்டோபர், மதியம்

என்ன வேலை செய்கிறேன், ஏன் உபுண்டு என்று கேட்டவர்களுக்கு: நான் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட பில் புக். விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஓடு அப்டேட் நின்றுவிட்டது. என் மெஷின் பழசு, 11ஐ ஏற்காது. தீபாவளிக்கு வந்த அண்ணன் மகன் உபுண்டுவைப் பக்கத்தில் போட்டுவிட்டு, "நெட் வேலையெல்லாம் இதுல பாருங்க அத்தை, கோரலுக்கு மட்டும் விண்டோஸ்ல போங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டான். (கோரல் என்பது நான் பத்திரிகை வடிவமைக்கும் புரோகிராம்.) போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறான்.

28 அக்டோபர், இரவு

டி கிடைத்தது! ஃபைல்ஸ் விண்டோவில் இடதுபக்கப் பட்டையின் அடியில் "அதர் லொக்கேஷன்ஸ்". அதை அழுத்தினால் ஹார்ட் டிஸ்கின் மற்ற பகுதிகள் வருகின்றன. எழுத்துக்குப் பதில் 300 ஜிபி வால்யூம் என்று அளவைச் சொல்லிக் கூப்பிடுகிறது. ஜாதகத்தில் நட்சத்திரத்தைச் சொல்லாமல் எடையைச் சொன்ன மாதிரி. கிளிக் செய்தவுடன் திறந்தது, என் இருபது வருஷக் குப்பையும் அப்படியே இருக்கிறது.

29 அக்டோபர்

காலையில் அந்த டி-யைக் காணோம். அதர் லொக்கேஷன்ஸில் போய் மறுபடி கிளிக் செய்தால்தான் வருகிறது. விண்டோஸில் டிரைவ் எப்போதும் திறந்த வீடு. இங்கே ஒவ்வொரு முறையும் "மவுன்ட்" செய்ய வேண்டும், அதாவது கொண்டுவந்து மரத்தில் ஒட்டவேண்டும். மரம் ஒன்றுதான். அதன் அடி வெறும் / குறி. ஒட்டப்படும் இடம் /மீடியா/, அதற்குள் நம் யூசர் பெயர், அதற்குள் டிஸ்கின் பெயர். பென் டிரைவும் அங்கேதான் வருகிறது.

இது புரிந்ததும் மற்றதும் கொஞ்சம் தெளிந்தது. விண்டோஸில் "எந்த டிரைவ்?" என்று கேட்டே பழகிவிட்டேன். இங்கே "யார் வைத்தது?" என்று கேட்டால் பதில் வருகிறது. நான் வைத்தது /ஹோம்/ அடியில் என் பெயரில். சிஸ்டம் முழுமைக்குமான செட்டிங் /இடிசி/. புரோகிராம் /யூஎஸ்ஆர்/. ஓடிக்கொண்டே எழுதித் தள்ளுவது, லாக், பிரிண்டருக்குப் போகும் வரிசை எல்லாம் /வார்/. தற்காலிகம் /டெம்ப்/. வெளியிலிருந்து செருகியது /மீடியா/. என்னைப் போன்றவர்களுக்கு முதலும் கடைசியும் போதும். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுச் சமையலறை, எட்டிப் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது.

(பெயர்களையும் கட்டளைகளையும் காதில் விழுகிறபடி தமிழில் எழுதுகிறேன். மெஷினில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

29 அக்டோபர், பின்குறிப்பு

/ என்பதற்கும் ரூட் என்று பெயர். /ரூட் என்று தனியாக ஒரு ஃபோல்டரும் இருக்கிறது. சகல அதிகாரமும் உள்ள யூசருக்கும் ரூட் என்றுதான் பெயர். ஒரே தெருவில் மூன்று முருகன்.

30 அக்டோபர்

டி-யில் ஒரு ஃபைலைத் திருத்தி சேவ் கொடுத்தால் "ரீட் ஒன்லி" என்கிறது. வேர்த்துவிட்டது, டிஸ்க் போய்விட்டதோ என்று. காரணம் விண்டோஸ்தான். அதில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் போகிறது. தூங்குகிறவன் கையில் பிடித்திருக்கும் டிஸ்கை இந்தப் பக்கத்திலிருந்து எழுதினால் கெட்டுப்போகும் என்று உபுண்டு எழுத மறுக்கிறது, சில சமயம் திறக்கவே மறுக்குமாம். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அதை எடுத்துவிட்டேன். இப்போது எழுதுகிறது. அவசரத்துக்கு ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து வந்தாலும் சரியாக இருக்கும், ரீஸ்டார்ட்டில் முழுசாக அணைகிறது.

உபயதாரர் பட்டியல் இன்னும் கிடைக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ்தான் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

1 நவம்பர்

ஃபயர்ஃபாக்ஸிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தப்பு என்னுடையது.

அண்ணன் மகன் உபுண்டுவைத் தமிழில் போட்டுக் கொடுத்திருந்தான். மெனு எல்லாம் நல்ல தமிழ், ஆனால் எனக்கு "சேவ் ஆஸ்" எங்கே என்று தேட நேரமாகிறது. 25ஆம் தேதி ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அடுத்த முறை உள்ளே வந்தபோது ஒரு பெட்டி வந்து, ஹோமில் உள்ள ஃபோல்டர்களின் பெயரையும் மொழிக்கேற்ப மாற்றட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். அந்தப் பெட்டியிலேயே "உள்ளே இருப்பவை இடம் மாற்றப்பட மாட்டாது" என்று எழுதியிருந்ததாம். யார் படித்தார்கள்?

நடந்தது இதுதான்: தமிழ்ப் பெயரோடு ஒரு டவுன்லோட் ஃபோல்டர் இருந்தது, பட்டியல் அதில் இறங்கியிருந்தது. மொழி மாறியதும் ஆங்கிலப் பெயரில் புதிதாக ஒன்று உண்டாகி, ஃபயர்ஃபாக்ஸ் உட்பட எல்லாரும் அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பழசு, காலியாக இல்லாததால், அப்படியே ஹோமில் நிற்கிறது. எட்டு நாளாக அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. ஏதோ சிஸ்டம் ஃபோல்டர் என்று நினைத்துத் தொடவே இல்லை. வேலைகளை எல்லாம் புதுசுக்கு நகர்த்திவிட்டுப் பழசை அழித்தேன்.

போன வருஷத்து நோட்டீஸ் மட்டும் பாக்கி.

2 நவம்பர், ஞாயிறு

கடை லீவு, டெர்மினல் (கட்டளையை அடித்து வேலை வாங்கும் திரை) கற்றுக்கொண்டேன். கருப்புத் திரை என்றாலே எனக்கு கரன்ட் போன ஞாபகம்தான் வரும், ஆனால் இது பரவாயில்லை.

ஃபைண்ட் ~ -நேம் "*பில்*"

~ என்றால் என் ஹோம். * என்றால் அந்த இடத்தில் எது இருந்தாலும் சரி. ஃபைண்ட் என்பது கூடவே வரும் வேலைக்காரர் மாதிரி, ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துத்தான் சொல்லும். நேரமாகும், ஆனால் இந்த நிமிஷத்து உண்மையைச் சொல்லும்.

அடிபட்ட இரண்டு இடங்கள். ஒன்று, மேற்கோள் குறி போடாமல் நட்சத்திரம் போட்டால், அந்த நட்சத்திரத்தை ஃபைண்டுக்குப் போகும் முன்பே ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையை முதலில் வாங்கிப் படிக்கும் புரோகிராம்) பிரித்துவிடுகிறது. நாம் நிற்கும் ஃபோல்டரில் பொருந்தும் ஃபைல் இரண்டு இருந்தால் பிழை காட்டும். ஒன்றே ஒன்று இருந்தால் இன்னும் மோசம், அந்த ஒரு பெயரை மட்டும் எல்லா இடத்திலும் தேடிவிட்டு வேறு இல்லை என்று சொல்லும். நான் அதை நம்பிவிட்டேன்.

இரண்டு, ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பெரிய பி போட்ட பில்லும் சின்ன பி போட்ட பில்லும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஃபைலாக இருக்கலாம். -நேம் என்பதற்குப் பதில் -ஐநேம் போட்டால் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். (இந்தப் பெருமை இரண்டு வாரம்தான் நின்றது. கீழே பாருங்கள்.)

/ இலிருந்து தேடினால் "பெர்மிஷன் டினைட்" என்று திரை முழுக்க வரும். கடைசியில் 2>/டெவ்/நல் சேர்த்தால் பிழை வரி எல்லாம் அடியில்லாக் கிணற்றில் போய் விழும்.

3 நவம்பர்

நோட்டீஸை முதலிலிருந்து அடித்துக் கொடுத்தேன். மூன்று மணி நேரம். பழசு இன்னும் இல்லை.

கடை சாத்தியபின் பிலொக்கேட் என்று ஃபைல் தேடும் இன்னொரு புரோகிராம் நிறுவினேன். இது மந்திரம். லொக்கேட் என்று போட்டு ஒரு துண்டுப் பெயர் கொடுத்தால் என்டர் தட்டிய விரல் எழும் முன் பட்டியல் வந்துவிடுகிறது. ஃபைண்டை இனி தொடமாட்டேன்.

4 நவம்பர்

தொடவேண்டும். நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

லொக்கேட் டிஸ்கைப் பார்ப்பதே இல்லை. நாளுக்கொரு முறை எல்லா ஃபைல் பெயரையும் ஒரு பேரேட்டில் எழுதிவைத்து, நாம் கேட்கும்போது பேரேட்டைப் புரட்டுகிறது. காலையில் சேவ் செய்தது அதில் இல்லை. சூடோ அப்டேட்டிபி என்று ஓட்டினால் பேரேடு புதுப்பிக்கப்படும்.

ஓட்டினேன். அப்போதும் டி-யிலிருந்து ஒரு பெயர்கூட வரவில்லை. இருபது வருஷ வேலை இருக்கும் இடத்திலிருந்து ஒன்றுகூட! /இடிசி/ அடியில் அப்டேட்டிபி.கான்ஃப் என்று ஒரு ஃபைல். அதைத் திறந்தால் எந்த இடங்களையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி. /டெம்ப், அப்புறம் /மீடியா. என் டி ஒட்டப்படுவது /மீடியாவில். கிராமத்து மாமனிடம் "ஊர்ல எல்லாரையும் விசாரிச்சீங்களா" என்று கேட்டால் ஆமாம் என்பார், ஆற்றுக்கு அக்கரையை ஊரிலேயே சேர்த்திருக்க மாட்டார். அந்த மாதிரி.

அந்த வரியிலிருந்து /மீடியாவை எடுத்துவிடலாம். ஆனால் எல்லாப் பென் டிரைவும் பேரேட்டில் ஏறும், கழற்றியபின் இல்லாத ஃபைலை இருப்பதாகச் சொல்லும். நான் எடுக்கவில்லை. டி-க்கு ஃபைண்ட், ஹோமுக்கு லொக்கேட்.

9 நவம்பர்

கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் கேவலம்.

"*பௌர்ணமி*" என்று டி முழுக்க ஃபைண்ட் ஓட்டினேன், இல்லை. ஃபைல்ஸ் விண்டோவில் தேடினேன், இல்லை. அழித்திருக்கமாட்டேன், அது நிச்சயம். சரி, பெயரை விடு, தேதியைப் பிடி என்று ஒரு யோசனை. போன வருஷம் ஐப்பசிப் பௌர்ணமி நவம்பர் 15. நோட்டீஸை அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள்தான் கடைசியாகத் தொட்டிருப்பேன். ஃபைண்டில் -நியூவர்எம்டி என்று ஒரு குறி இருக்கிறது. 2024-11-01க்குப் பிறகு, ஆனால் 2024-11-16க்குப் பிறகு அல்ல ("அல்ல" என்பதற்கு ஒரு ஆச்சரியக்குறி) என்று கொடுத்தேன். பதினான்கு ஃபைல் வந்தது. ஒன்பதாவது: "கோயில் பெளர்ணமி". "பழசு" ஃபோல்டருக்குள் இருக்கும் "புதுசு" ஃபோல்டரில்.

முதல் பார்வையில் எனக்கே புரியவில்லை. கண்ணை இடுக்கிப் பாருங்கள். நான் தேடியது பௌ, அதாவது ப-வும் ஔகாரக் குறியும். ஃபைலில் இருப்பது பெள: ப, எகரக் கொம்பு, பக்கத்தில் தனி ள. அது "பெளர்ணமி", பெ-ளர்-ணமி என்று வாசிக்க வேண்டிய ள! பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்துப் பழகிய கை. அந்த ஃபான்ட்டில் ஔகாரம் என்றால் கொம்பையும் ள-வையும்தான் போடுவோம், தாளில் ஒன்றுபோலத்தான் விழும். ஃபைலுக்கு யூனிகோடில் (எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துமுறை) பெயர் வைக்கும்போதும் விரல் அதையே செய்திருக்கிறது.

விண்டோஸில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. பத்து நாளாக உபுண்டுவைத் திட்டியதில் பாதி என் விரலைத் திட்டியது.

இருபது வருஷமாகப் பத்திரிகை அடிக்கிறேன், மற்றவர் எழுத்துப்பிழையைத் திருத்திக் காசு வாங்குகிறேன்.

10 நவம்பர்

ஒருவர் கேட்டார், "ஓ" வரிசையிலும் இது உண்டா என்று. உண்டு, ஆனால் வேறு மாதிரி. கோ என்பதை க-வோடு ஓகாரக் குறி என்று ஒரே குறியாகவும் சேமிக்கலாம், க-வோடு ஏகாரக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு சொல்கிறது. பார்வையிலும் ஒன்றே. ஆனால் லினக்ஸ் டிஸ்க் பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை, பைட்டுகளாகத்தான் வைத்துக்கொள்கிறது. அதனால் ஒரே ஃபோல்டரில் "கோயில்" என்று இரண்டு ஃபைல் இருக்க முடியும். செய்து பார்த்தேன், இருக்கிறது. ஃபைண்ட் ஒன்றைத்தான் காட்டியது. ஃபைல்ஸ் விண்டோவின் தேடல் இரண்டையும் காட்டியது, அது ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ள விவகாரத்தில் அதுவும் கைவிரித்துவிடும், ஏனென்றால் ள நிஜமாகவே வேறு எழுத்து.

16 நவம்பர்

இன்று ஃபைலுக்கு உள்ளே தேடுவது. கிரெப் -ஆர்எல் என்று கொடுத்து, சொல்லையும் ஃபோல்டரையும் கொடுத்தால் அந்தச் சொல் எந்தெந்த ஃபைலுக்குள் இருக்கிறது என்று பட்டியல் தரும்.

என் மேட்டரெல்லாம் நோட்பேடில் அடித்து கோரலில் ஒட்டியவை, எல்லாம் பாமினி. பாமினி என்பது வேஷம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம். "அம்மன்" என்று தமிழில் கிரெப் செய்தால் ஒன்றும் வராது. அம்மன் உள்ளே எப்படி இருக்கிறாள்? எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி. அதை அப்படியே அடித்தேன். டெர்மினல் சொன்னது: "கேடி: கமாண்ட் நாட் ஃபவுண்ட்."

சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம். பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி என்றால் அரைப்புள்ளி. ஷெல்லுக்கோ அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது ஆரம்பம். அம்மனை நடுவில் வெட்டி, மிச்சம் இருந்த கே, டி இரண்டையும் புதுக் கட்டளை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மேற்கோள் குறிக்குள் போட்டதும் நாற்பத்தோரு ஃபைல் வந்தது.

இன்னொன்று. எழுத்தளவு வித்தியாசம் பார்க்காதே என்று கிரெப்புக்கு -ஐ கொடுக்கச் சொல்வார்கள். பாமினிக்குக் கொடுக்காதீர்கள். சின்ன கே ம, பெரிய கே மு. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது என்று 2ஆம் தேதி சொன்னேனே, இருபது வருஷமாக நான் அதில்தான் அடித்திருக்கிறேன்.

17 நவம்பர்

பாமினி ஃபான்ட் எங்கே போடுவது என்பவருக்கு: ஹோமில் .லோக்கல், அதில் ஷேர், அதில் ஃபான்ட்ஸ். இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்ளுங்கள். ".லோக்கல் எனக்குத் தெரியவில்லை" என்றால் கன்ட்ரோலும் எச்சும். புள்ளியில் தொடங்கும் பெயர் எல்லாம் மறைவு.

புள்ளிக்கு ஏன் இந்தச் சக்தி? லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் செய்த குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதியது: ஒவ்வொரு ஃபோல்டரிலும் "இதுவே" என்பதற்கு ஒரு புள்ளியும், "மேலே" என்பதற்கு இரண்டு புள்ளியும் பெயராக இருக்கும். பட்டியலில் அவை இரண்டும் வரவேண்டாம் என்று யாரோ, முழுப்பெயரை ஒப்பிடச் சோம்பல்பட்டு, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துவிட்டார். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்தது. எல்லா புரோகிராமும் அந்த மறைவுக்குள் தன் சாமானைக் கொண்டுவந்து போட ஆரம்பித்தது. என் ஹோமில் இப்படி இருபத்திரண்டு. அட்டத்தில் ஏற்றிவைத்துவிட்டு எல்லாரும் மறந்துபோன பாத்திரங்கள்.

அழித்த ஃபைலும் அங்கேதான்: .லோக்கல், ஷேர், ட்ராஷ். டி-யில் அழித்தது மட்டும் டி-யிலேயே .ட்ராஷ்-1000 என்ற மறைவு ஃபோல்டரில் கிடக்கும். பென் டிரைவும் அப்படியே. வாடிக்கையாளர் பென் டிரைவில் அழித்தபின்னும் இடம் காலியாகவில்லை என்றால் அதைப் பாருங்கள்.

2 டிசம்பர்

டி-யிலிருந்து கார்த்திகை நோட்டீஸை ஹோமுக்கு காப்பி செய்தால் "ஃபைல் நேம் டூ லாங்". விண்டோஸ் டிஸ்கில் பெயர் 255 எழுத்துக்குறி வரை போகலாம். உபுண்டுவின் டிஸ்கில் 255 பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். "பத்திரிகை" கண்ணுக்கு ஐந்து எழுத்து, உள்ளே ஒன்பது குறி, 27 பைட். ஆக மொத்தம் 85 குறிதான் இடம். கோயில் பெயர், ஊர், வட்டம், மாவட்டம், விழா, கடைசியில் "இறுதி இறுதி சரிபார்த்தது" என்றெல்லாம் பெயர் வைத்தவள் நான்.

ஊரையும் வட்டத்தையும் வெட்டினேன், போய்விட்டது.

2 ஜனவரி 2026

நாளை மார்கழிப் பௌர்ணமி, ஆருத்ரா. கோயில் செயலாளர் காலையிலேயே வந்து நின்றார், அபிஷேக நேரம் மாறிவிட்டதாம், மறுபடி நூறு நோட்டீஸ் வேண்டுமாம். இப்போதெல்லாம் நான் "*ர்ணமி*" என்றுதான் தேடுகிறேன். தகராறு பிடித்த எழுத்தை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பது. சட்டென்று வந்துவிட்டது.

எட்டிப் பார்த்தவர் கேட்டார், "எந்த டிரைவ்லம்மா வெச்சிருக்கீங்க?"

"ஹோம்ல இருக்குங்க."

"அடடா, வீட்டுலயா? அப்ப மதியம் சாப்பிடப் போறப்ப எடுத்துட்டு வந்துடுங்க, நான் சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.